ஊரடங்கு தொடங்கிய நாட்களில் உங்களுக்கு நடந்தது என்ன?

மாம்பலத்துக்காரர்
சென்னையில் இருந்தவர்களுக்கு 2020 ஏப்ரல் 25 பற்றி விளக்கத் தேவையில்லை. ஞாயிறு முதல் புதன் வரை மளிகைக்கடைகூடத் திறக்காது என்று வெள்ளிக்கிழமைதான் சொன்னார்கள். சனிக்கிழமை எங்கள் தெருக் கடை வாசலில், சுண்ணாம்பு வட்டங்களுக்குள் பைகளும் செருப்புகளும் இடைவெளி விட்டு ஒழுங்காக வரிசையில் நின்றன. ஆட்கள் மட்டும் எதிரே வேப்பமர நிழலில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். 3 மணிக்கு அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கீழ்வழியே பைகளைத் தள்ளிவிட ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது என் பை இல்லை. உள்ளே பால் பவுடர் டின், டயப்பர், காலண்டர் தாளின் பின்னால் எழுதிய சீட்டு: ‘6 மாசக் குழந்தைக்கு உள்ளது. வேற மாத்தித் தந்துடாதீங்க.’ ஓடினேன். கடை பூட்டியாகிவிட்டது. மருந்துக்கடை திறந்துதானே இருந்தது, அங்கே வாங்கியிருப்பார்கள் என்கிறாள் மனைவி. வாங்கியிருப்பார்கள். ஆனாலும் அந்தக் கையெழுத்து கண்ணிலேயே நிற்கிறது.

தென்காசிப் பயணி
கோயம்பேடு, மார்ச் 23 இரவு. மறுநாள் மாலை 6 மணியிலிருந்து 144. அந்தக் கூட்டத்தை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள், நான் அதற்குள் இருந்தேன். ஜன்னல்வழியே துண்டு போட்டவர்களுக்கு சீட், எனக்குப் படிக்கட்டுப் பக்கம் ஒற்றைக்கால் வைக்க இடம். பெருங்களத்தூர் தாண்டியதும் ஒரு பெரியவர் இருமினார். மூச்சு விட இடமில்லாத பேருந்தில் அவரைச் சுற்றி ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் வந்துவிட்டது! எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ‘தூசி ஒத்துக்காது தம்பி, வேற ஒண்ணுமில்ல’ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னார். யாரோ விசில் அடித்தார்கள். மதுராந்தகம் பக்கம் இறக்கிவிட்டார்கள்.

கீதா அத்தை
மாம்பலத்துக்காரரே, செருப்பு வைத்ததைக் கிண்டலடிக்கிறீர்கள். அந்த வெயிலில் நீங்கள் வட்டத்துக்குள் நின்றீர்களா? வழக்கமாக 1 மணிக்கு மூடும் கடைகளுக்கு அன்று 3 மணி வரை நேரம் கொடுத்ததே கூட்டம் கூடிய பிறகுதான். முன்கூட்டியே சொல்லியிருந்தால் யார் முண்டியடிக்கப் போகிறார்கள்? ஜனங்களைத் திட்டுவது சுலபம். நாங்களும் பயந்துபோய் ஒரு மூட்டை பொன்னி வாங்கி, அதில் வண்டு வைத்தது. பொதுவாக ஒன்று சொல்கிறேன், எல்லோருக்கும் உபயோகப்படும். மூட்டையை அப்படியே தரையில் போடாதீர்கள், பலகை மேல் வையுங்கள். அரிசிக்குள் காய்ந்த வேப்பிலையோ மிளகாய் வற்றலோ போடலாம். ரவையை வாங்கிய அன்றே வறுத்து ஆறவைத்து டப்பாவில் அடைத்துவிட வேண்டும். பருப்பை ஒரு நாள் வெயிலில் காயவைத்தால் நல்லது. புளியில் கொட்டை, கோது இருந்தால் எடுத்துவிட்டு உப்புப் போட்டு ஜாடியில் வையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம்.

சும்மா படிப்பவன்
கேட்டது அனுபவம், அத்தை. புளி இல்லை.

உட்லண்ட்ஸ்
சிங்கப்பூரில் இந்தக் கூத்து பிப்ரவரி 7ஆம் தேதியே நடந்துவிட்டது. நோய் எச்சரிக்கை ‘ஆரஞ்சு’ நிலைக்கு உயர்ந்தது என்று அறிவித்த அன்று ராத்திரியே அரிசி, மேகி, டாய்லெட் பேப்பர் அடுக்குகள் காலி. ஆனால் நான் சொல்ல வந்தது மார்ச் 17. மறுநாள் முதல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு. ஜொகூரிலிருந்து தினமும் பைக்கில் வேலைக்கு வரும் நண்பர் அன்று ராத்திரி ஷிப்ட்டுக்கு ஒரு பெரிய பையோடு வந்தார். திறந்தால் மேலேயே குக்கர். ‘31ஆம் தேதி வரைக்கும்தானே, இது எதுக்குன்னு கேட்டேன். கேக்காம வெச்சுட்டா’ என்று சிரித்தார். நிலவழி எல்லை பழையபடி திறந்தது 2022 ஏப்ரல் 1இல். நடுவில் அனுமதி வாங்கிப் போய்வர ஏற்பாடெல்லாம் வந்தது, சரி. ஆனால் அந்தக் குக்கரில்தான் எங்கள் அறையில் ஐந்து பேருக்கும் சோறு.

கீதா அத்தை
சும்மா படிப்பவனே, வண்டும் அனுபவம்தான். உட்லண்ட்ஸ் தம்பி, உங்கள் நண்பர் வீட்டுக்கு எப்போது போனார் என்று சொல்லவே இல்லையே?