பொருள்: காட்டாறு, எழிலாறு, கேளிக்கையாறு: மூன்றும் வேண்டாம்

வணக்கம். அமெரிக்காவின் ஆற்றுப் பாதுகாப்புச் சட்டம் (வைல்ட் அண்ட் சீனிக் ரிவர்ஸ் ஆக்ட்), தான் காக்கும் ஆறுகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. அவற்றுக்கான தமிழ்ச் சொற்கள் பற்றி நம் குழுவில் வந்த கேள்விகளுக்கு (> குறியிட்டவை) என் பதில் இது.

> வைல்ட் ரிவர் – காட்டாறு. சீனிக் ரிவர் – எழிலாறு. ரெக்ரியேஷனல் ரிவர் – கேளிக்கையாறு. இத்தோடு முடித்துக்கொள்ளலாமா?

முடிக்க முடியாது ஐயா. காட்டாறு என்றதும் நம் ஆட்களுக்கு நினைவு வருவது, மலையில் மழை பெய்த அரைமணி நேரத்தில் செம்மண் குழம்பாக இறங்கி, குளித்துக்கொண்டிருப்பவரை அடித்துக்கொண்டு போகும் வெள்ளம். மறுநாள் போனால் கூழாங்கல்தான் கிடக்கும். அந்த 1968-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் 'வைல்ட்' வேறு. அணை இருக்கக் கூடாது, நீர் கெட்டிருக்கக் கூடாது, கரையும் நீர்ப்பிடிப்பும் பழையபடி இருக்க வேண்டும், நடைபாதை தவிர வேறு வழி பொதுவாக இருக்கக் கூடாது. சத்தமே போடாமல் ஓடினாலும் அது வைல்டுதான்.

எழிலாறு இன்னும் வம்பு. சீனிக் வகை அழகுக்குப் போடும் மதிப்பெண் இல்லை. கரை பெரும்பாலும் கைபடாமல் இருக்கும், ஆனால் அங்கங்கே சாலை வந்து தொடும். அவ்வளவுதான். ரெக்ரியேஷனல் என்றால் சாலையோ ரயிலோ பக்கத்திலேயே போகும், கரையில் கொஞ்சம் கட்டடம் இருக்கலாம், முன்பு தேக்கியோ திருப்பியோ இருந்தாலும் பரவாயில்லை. ஓரிகனின் ரோக் ஆறு, சட்டம் வந்த அன்றே பட்டியலில் ஏறிய எட்டு ஆறுகளில் ஒன்று. அதன் 84 மைலில் மூன்று வகையும் உண்டு. ஹெல்கேட் என்னும் பாறை இடுக்கு, இருபுறமும் செங்குத்துச் சுவராக நிற்பது, ரெக்ரியேஷனல் பகுதியில்தான் வருகிறது. அங்கே படகில் போய்வந்து 'இதில் எழில் இல்லை' என்று எந்த மகராசன் சொல்வான்? கேளிக்கை என்றால் எனக்கு தியேட்டர் டிக்கெட்டும் கேளிக்கை வரியும்தான் ஞாபகம் வருகின்றன.

ஆக, ஆங்கிலப் பெயர்களே ஆளை ஏமாற்றுகின்றன. நாமும் ஏன் கூடவே ஏமாற வேண்டும்? பிரிப்பது முக்கியமாக, ஆற்றை எட்ட எவ்வளவு வழி இருக்கிறது என்பதை வைத்து. தமிழிலோ ஆறு என்ற சொல்லுக்கே வழி என்று பொருள். ஆற்றுப்படை அப்படி வந்ததுதானே. வைல்ட், சீனிக், ரெக்ரியேஷனல் மூன்றுக்கும் முறையே அருவழியாறு, சில்வழியாறு, பெருவழியாறு என்று முதலில் எழுதினேன். வீட்டில் படித்துக் காட்டியபோது மகள், "அருவியாப்பா?" என்றாள். சரி, முதலாவதை நடைவழியாறு என்று மாற்றிவிட்டேன். பெருவழி கல்வெட்டிலேயே இருக்கும் சொல், அதைத் தொடவில்லை.

> எலிஜிபிள், சூட்டபிள் இரண்டுக்கும் 'தகுதி' போதுமே?

போதாது. ஓர் ஆற்றைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று பார்க்கும் மதிப்பீட்டின் இரண்டு படிகள் அவை. முதல் படியில் ஆற்றை மட்டும் பார்க்கிறார்கள்: தடையின்றி ஓடுகிறதா, காட்சி, மீன், காட்டுயிர், நிலவியல், வரலாறு, பண்பாடு என ஏதாவது ஒன்றிலாவது தனிச்சிறப்பு உண்டா. அது தகுதி. அடுத்த படியில்தான் நிலம் யார் கையில் இருக்கிறது, எந்தத் திட்டத்தைக் கைவிட வேண்டிவரும், ஊரார் ஒத்துவருவார்களா, யார் பராமரிப்பது என்பதெல்லாம் வரும். அது பொருத்தம். பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை, ஆனால் பொருத்தம் இல்லை என்று நாம் சாதாரணமாகச் சொல்வதில்லையா?

மூன்று வகைக்கும் சேர்த்துப் பொதுப்பெயர் காப்பாறு. காப்புக்காடு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் ஏறிய பகுதியில் கூட்டாட்சி எரிசக்தி ஆணையம் புதிய அணைக்கு உரிமம் தர முடியாது, ஆகவே 'காப்பு' மிகையில்லை. வேற்றுமை ஏற்றும்போது 'காப்பாற்றில் அணை கட்டக் கூடாது' என்று வரும். காப்பாற்று என்று ஒலிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. குழம்பும் என்பவர்கள் காப்பு ஆறு என்று பிரித்தே எழுதட்டும்.

ஃப்ரீ ஃப்ளோயிங்குக்கு, அதாவது தடையின்றி ஓடுவதற்கு, தன்னோட்டம் என்று போட்டிருக்கிறேன். ரிப்ராப்புக்கு, அதாவது கரை அரிக்காமல் இருக்கக் கொட்டும் கருங்கல்லுக்கு, இப்போதைக்குக் கரைக்கல். பொதுப்பணித்துறையில் அதைக் கொட்டிப் பழகியவர்கள் இந்தக் குழுவில் இரண்டு பேராவது இருப்பீர்கள், திருத்துங்கள்.