தனுஷ்கோடி வானத்தை எப்படி மீட்பது?

வணக்கம் நண்பர்களே. போன வாரம் தனுஷ்கோடி போயிருந்தேன். 1964 புயலில் இடிந்த அந்தத் தேவாலயத்தை விடியற்காலையில், சூரியனுக்கு எதிரே நின்று எடுத்தேன். கண்ணுக்குத் தெரிந்தது ஆரஞ்சும் ஊதாவும் கலந்த வானம். படத்தில் இருப்பதோ வெளுத்த வானமும் கரிக்கட்டை மாதிரி ஒரு சுவரும்!

நல்லவேளை, ஜேபெக்கோடு ரா கோப்பும் (கேமராவின் சென்சார் பதிந்த மூலத் தரவு) இருக்கிறது. 14 பிட் என்பதால் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள், ஜேபெக்கில் 256தான். அதனால் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் ஹைலைட்ஸை (மிக வெளிச்சமான பகுதிகளை) குறைத்ததும் மேகங்கள் ஓரளவு திரும்பி வந்தன. சிக்கல் அதற்கு அப்புறம்தான். வானத்தை மட்டும் மாஸ்க் போட்டு (தனியாகத் தேர்ந்து) இருட்டாக்கினால், இடிந்த சுவரின் மேல் விளிம்பு நெடுக ஒரு வெள்ளைக் கோடு ஒளிவட்டம் மாதிரி நிற்கிறது. மாஸ்க்கின் விளிம்பை மென்மையாக்கும் ஃபெதரைக் கூட்டினால் சுவரும் சேர்ந்து கறுக்கிறது. மூட்டம் நீக்கும் டீஹேஸைத் தொட்டாலோ நீலப் பகுதி முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ்.

மூன்று எக்ஸ்போஷரில் (வெளிச்ச அளவில்) எடுத்த படங்களும் உண்டு. ஆனால் எச்டிஆர் முறையில் ஒரே படமாகச் சேர்த்தால் பின்னால் இருக்கும் அலைகள் இரட்டையாகத் தெரிகின்றன. ஒரே ராவிலிருந்து செய்வது மேலா, மூன்றையும் லேயராக வைத்து லூமினாசிட்டி மாஸ்க்கில் (வெளிச்ச அளவை வைத்துப் பகுதிகளைத் தேர்வது) கையால் கலப்பதா? லேயர் வேலைக்கு என்னிடம் ஜிம்ப் என்ற இலவச மென்பொருள்தான் இருக்கிறது.

வேறு வானத்தை ஒட்டச் சொல்லாதீர்கள், அன்றைய வானம்தான் வேண்டும். செய்முறையைத் தமிழில் படிப்படியாகச் சொன்னால் பெரிய உதவி.