எக்ஸ்சேஞ்ச் ஆர்க்கைவ் பாலிசி: சிலருக்கு மட்டும் பழைய மெயில் நகரவில்லை

திருப்பூர் சர்வர் ரூம்:
வணக்கம். பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் ஐடி பார்க்கிறேன். மெயிலுக்கு எங்கள் ஆபீஸிலேயே எக்ஸ்சேஞ்ச் 2019 (மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர்) ஓடுகிறது. பையரோடு பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசர்களின் மெயில்பாக்ஸ்தான் தலைவலி. டெக் பேக் (உடையின் விவரக் கோப்பு), ஆர்ட்வொர்க், லேப் டிப் (சாய மாதிரித் துண்டு) போட்டோ என்று பையர் அனுப்பியதெல்லாம் அட்டாச்மெண்டாகவே கிடக்கிறது. அழிக்கவும் விடமாட்டார்கள், ஏனென்றால் சரக்கு கப்பலேறி இரண்டு சீசன் கழித்துக்கூட டெபிட் நோட் (குறை சொல்லிப் பணம் பிடிக்கும் சீட்டு) வரும்.

அதனால் எல்லோருக்கும் ஆர்க்கைவ் மெயில்பாக்ஸ் (பழைய மெயிலுக்கான தனிப் பெட்டி) திறந்து, ஒரு வருடம் தாண்டிய மெயிலை அங்கே நகர்த்தும்படி ரிடென்ஷன் பாலிசி (மெயிலின் வயதைப் பார்த்து நகர்த்தும், நீக்கும் விதித்தொகுப்பு) போட்டேன். அக்கவுண்ட்ஸ் பக்கம் ஒழுங்காக நகர்ந்துவிட்டது. மெர்ச்சண்டைசர்களில் பாதிப் பேருக்கு ஒரு மெயில்கூட அசையவில்லை. சரி, அவர்களுக்கு இன்பாக்ஸுக்கு மட்டும் தனி டேக் (பாலிசிக்குள் இருக்கும் ஒரு விதி) போடலாம் என்று பார்த்தால் 'ஆர்க்கைவுக்கு நகர்த்து' என்ற தேர்வே காணோம், நீக்குவதற்குத்தான் வழி காட்டுகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

பீளமேடு அட்மின்:
இரண்டாவது கேள்விக்கு முதலில். அது கோளாறு இல்லைங்க, அமைப்பே அப்படித்தான். இன்பாக்ஸ், சென்ட் ஐட்டம்ஸ் போன்ற இயல்பு ஃபோல்டர்களுக்கான டேக்கில் நீக்கும் வேலை மட்டும்தான் உண்டு. ஆர்க்கைவுக்கு நகர்த்துவதை மெயில்பாக்ஸ் முழுமைக்குமான டீஃபால்ட் டேக்கிலோ, பயனர் தானே ஃபோல்டருக்கு வைத்துக்கொள்ளும் பர்சனல் டேக்கிலோதான் வைக்க முடியும். இன்பாக்ஸை நகர்த்தப் போய் தவறி நீக்கும் டேக்கை மாட்டிவிடாதீர்கள்.

முதல் கேள்விக்கு: நகர்த்தும் வேலையைச் செய்வது மேனேஜ்டு ஃபோல்டர் அசிஸ்டென்ட். சொந்த சர்வரில் அது நாளுக்கு ஒரு சுற்று தானாக வரும். பாதிப் பேருக்கு நகர்ந்திருக்கிறது என்றால் அது ஓடுகிறது, நகராத மெயில்பாக்ஸில்தான் ஏதோ தடுக்கிறது. எக்ஸ்சேஞ்சின் கட்டளைத் திரையான ஷெல்லில் கெட்-மெயில்பாக்ஸ் கொடுத்து, அந்த ஆட்களுக்கு ரிடென்ஷன்ஹோல்ட்எனேபிள்டு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ட்ரூ என்றால் ரிடென்ஷன் ஹோல்ட் (பாலிசியை நிறுத்தி வைப்பது) போட்டிருக்கிறது என்று அர்த்தம், பாலிசி பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், வேலை நடக்காது. கூடவே ஈஎல்சி-ப்ராசசிங்-டிசேபிள்டு என்பதையும் பார்த்துவிடுங்கள், அது ட்ரூ என்றாலும் அசிஸ்டென்ட் அந்த மெயில்பாக்ஸைத் தொடாது.

திருப்பூர் சர்வர் ரூம்:
பார்த்தேன் அண்ணா, ட்ரூதான். நகராத ஆட்கள் எல்லோருக்குமே அப்படித்தான் இருக்கிறது. பழைய சர்வரிலிருந்து பிஎஸ்டி கோப்புகளை (அவுட்லுக் மெயிலைச் சேமித்துவைக்கும் கோப்பு) ஏற்றும்போது வெளி ஆள் ஒருவர் ஹோல்ட் போட்டிருக்கிறார், எடுக்காமலே போய்விட்டார். இப்போது எல்லோருக்கும் ஒரே அடியாக எடுத்துவிடலாமா?

பீளமேடு அட்மின்:
அவர் ஹோல்ட் போட்டதில் தப்பில்லை. பிஎஸ்டியிலிருந்து ஏறும் மெயில் அதன் பழைய தேதியோடுதான் வரும், ஹோல்ட் இல்லாவிட்டால் ஏற்றின உடனே வயது தாண்டிவிட்டது என்று நகர ஆரம்பித்துவிடும். எடுக்காமல் போனதுதான் வினை.

ஒரே அடியாக எடுக்காதீர்கள். அந்த பாலிசியில் நீக்கும் டேக் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இத்தனை நாள் தடுத்து வைத்திருந்ததையெல்லாம் அது சேர்த்து வாரிவிடும். அப்புறம், இத்தனை பேர் மெயில் ஒரே ராத்திரியில் நகர்ந்தால் ஆர்க்கைவ் டேட்டாபேஸின் டிரான்ஸாக்‌ஷன் லாக் (ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் கோப்புகள்) மளமளவென்று ஏறும். பேக்கப் முடிந்தால்தான் லாக் குறையும். லாக் டிரைவ் நிரம்பினால் டேட்டாபேஸே டிஸ்மவுண்ட் ஆகி நின்றுவிடும், காலையில் அதில் இருக்கும் மெயில் ஒருவருக்கும் திறக்காது. ஒருவருக்கு எடுத்து, ஸ்டார்ட்-மேனேஜ்டுஃபோல்டர்அசிஸ்டென்ட் கட்டளையால் கையால் ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஆளுக்குப் போங்கள்.

ஈரோடு நெட்வொர்க்:
குறுக்கே வருகிறேன். மெர்ச்சண்டைசருக்கு ஒரு வருடம் என்று யார் முடிவு செய்தது? அவர்களைக் கேட்டீர்களா? போன் மெயிலில் ஆர்க்கைவ் தெரியாது. கம்ப்யூட்டரில் அவுட்லுக்கிலும், உலாவியிலும்தான் தெரியும். அவுட்லுக்கிலும் கம்ப்யூட்டரிலேயே சேமித்துவைக்கும் கேச் நகல் கிடையாது, நெட் இருந்தால்தான் திறக்கும். உங்கள் ஆள் சாயப்பட்டறையில் நின்றுகொண்டு, போன வருட ஷேடுக்கு பையர் ஓகே சொன்ன மெயிலை போனில் தேடுவார். கிடைக்காது. சாயங்காலம் உங்களிடம் வந்து "மெயிலை அழிச்சுட்டீங்களா?" என்பார். நீங்கள் நகர்த்தினோம் என்பீர்கள், அவர் கணக்கில் அது அழித்ததுதான்.

இங்கே நான் மெர்ச்சண்டைசிங் ஆட்களுக்கு 2 வருடம், ஆபீஸை விட்டு நகராதவர்களுக்கு 1 வருடம் என்று இரண்டு பாலிசி வைத்திருக்கிறேன். ஒரு மெயில்பாக்ஸுக்கு ஒரு பாலிசிதான் ஒட்டும் என்பதால் துறைவாரியாகப் பிரித்துவிடுவது நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் பையர் ஃபோல்டருக்கு மட்டும் 'ஒருபோதும் நகர்த்தாதே' என்ற பர்சனல் டேக்கை அவர்களையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது டீஃபால்ட் டேக்கை மீறி நிற்கும். இதைச் சொல்லித்தராவிட்டால் ஆர்க்கைவிலிருந்து மெயிலை இன்பாக்ஸுக்கு இழுத்துப் போடுவார்கள், அடுத்த சுற்றில் அது திரும்பவும் ஆர்க்கைவுக்கே போகும்.

திருப்பூர் சர்வர் ரூம்:
சாயப்பட்டறை விஷயம் நூற்றுக்கு நூறு உண்மைங்க. 2 வருடமாக மாற்றிவிடுகிறேன். ஆடிட்டர் வேறு எட்டு வருடம் வைக்கச் சொல்கிறார். ஆர்க்கைவ் இருந்தால் போதும்தானே?

கரூர் டெக்ஸ்டைல் ஐடி:
போதாது. ஆர்க்கைவ் மெயில்பாக்ஸும் பயனருடையதுதான், அவரே உள்ளே போய் அழிக்கலாம். வேலையை விட்டுப் போகிற ஆள் கிளம்பும் நாளில் அதைத்தான் செய்வார்.

ஆடிட்டர் சொல்லும் எட்டு, 2013 கம்பெனிகள் சட்டம் 128-வது பிரிவு: கணக்குப் புத்தகங்களும் அதற்கான வவுச்சர்களும் 8 நிதியாண்டுக்கு. ஜிஎஸ்டிக்கு 36-வது பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். எல்லா மெயிலும் இதில் வராது. ஆனால் இன்வாய்ஸும் டெபிட் நோட்டும் மெயிலில்தானே வருகின்றன? அந்த மெயில்பாக்ஸ்களுக்கு லிட்டிகேஷன் ஹோல்ட் போடுங்கள். பயனர் அழித்தாலும் மறைவான ரிகவரபிள் ஐட்டம்ஸில் நிற்கும், தேடி எடுக்கலாம். ரிடென்ஷன் ஹோல்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பாலிசியை நிறுத்தி வைக்கும், பயனர் அழிப்பதைத் தடுக்காது. ஆர்க்கைவ், பர்சனல் டேக், லிட்டிகேஷன் ஹோல்ட் மூன்றுக்குமே எண்டர்பிரைஸ் சிஏஎல் என்ற, பயனருக்கான கூடுதல் உரிமம் வேண்டும், முதலாளியிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அப்படியே, 2019-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததையும் காதில் போட்டுவிடுங்கள்.

திருப்பூர் சர்வர் ரூம்:
ஒருவருக்கு ஹோல்ட் எடுத்து ஓட்டினேன். ஃபோல்டர் அமைப்பு மாறாமல் அப்படியே நகர்ந்துவிட்டது, மற்றவர்களுக்கும் ஒவ்வொன்றாக எடுக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: முன்பே நகர்ந்துவிட்ட அக்கவுண்ட்ஸ் டேட்டாபேஸ் கோப்பின் அளவு டிஸ்கில் கொஞ்சமும் குறையவில்லையே?

பீளமேடு அட்மின்:
குறையாதுங்க. உள்ளே காலி இடமாக நிற்கும், புது மெயில் அதில் நிரம்பும். ஆர்க்கைவும் அதே டேட்டாபேஸில் இருந்தால் அந்தக் காலி இடம்கூடக் கிடைக்காது, வேறு டேட்டாபேஸில்தானே வைத்திருக்கிறீர்கள்? டிஸ்க் திரும்ப வேண்டுமென்றால் புது டேட்டாபேஸ் ஒன்று உண்டாக்கி, மெயில்பாக்ஸ்களை அங்கே மாற்றிவிட்டு, பேக்கப் ஒன்று எடுத்தபின் பழையதை நீக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்.