எர்துக்ருல் பார்த்துத் துருக்கியரான என் ரூம்மேட்

2020 நோன்பு நேரம், கொரோனாவால் துபாயே அடைந்து கிடந்தது. என்னோடு ரூமில் இருந்தவர் பாகிஸ்தான் பஞ்சாப்காரர், கோதுமை விவசாயக் குடும்பம், செனாப் தண்ணீரில் விளையும் சொந்த நிலத்தைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அந்த ரமலானின் முதல் நாள் பாகிஸ்தானின் பிடிவியில் 'எர்துக்ருல் காஜி' என்ற துருக்கித் தொடர், உஸ்மானியப் பேரரசை நிறுவிய உஸ்மானின் தகப்பன் கதை, உருது டப்பிங்கில் வந்தது, இம்ரான் கானே பார்க்கச் சொல்லியிருந்தார். அவ்வளவுதான். நோன்பு திறந்த கையோடு போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து யூடியூபில் அன்றைய பகுதியைப் போட்டுவிடுவார், பாதி கடித்த பேரீச்சம்பழம் விரலிலேயே இருக்கும், வாளை உருவினால் இவர் அல்லாஹு அக்பர் என்பார்.

போகப்போக 'நம் முன்னோர்கள்' என்று பேச ஆரம்பித்தார். பாய், உங்கள் பரம்பரையே செனாப் கரையில் உழுததாக நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தோம், யாருக்குத் தெரியும் என்றார். நியாயம்தான், எர்துக்ருலைப் பற்றியும் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. மகன் உஸ்மான் அடித்த நாணயத்தில் தகப்பன் பெயராக இருக்கிறது, மற்ற கதைகளெல்லாம் நூறு வருஷத்துக்கு மேல் கழித்து எழுதியவை. அதை வைத்துக்கொண்டு 2014லிருந்து 2019 வரை ஐந்து சீசன் ஓட்டியிருக்கிறார்கள்!

நானும் நோன்பு வைக்கிறவன்தான். ஆனால் எங்கள் பக்கம் மார்க்கம் மரக்கலத்தில் வந்தது என்று கேட்டே வளர்ந்ததால் குதிரையும் கூடாரமும் என் வீட்டுக் கதையாகத் தோன்றவில்லை. சண்டைக் காட்சிகளை விடாமல் பார்த்தேன், அது வேறு.

பெரிய கூத்து தொடரில் எர்துக்ருலின் மனைவியாக வரும் ஹலிமே விஷயத்தில். அந்த வேடத்தில் நடித்த எஸ்ரா பில்கிச் இன்ஸ்டாகிராமில் இந்தக் காலத்து உடையில் படம் போட, பாகிஸ்தான் ரசிகர்கள் கீழே வந்து வகுப்பெடுத்தார்கள். இவருக்கும் மனசு ஆறவில்லை, ஹலிமே இப்படி உடுத்தலாமா என்று என்னிடம் கேட்கிறார். இஸ்தான்புலில் நடிகைகள் பின்னே எப்படி உடுத்துவார்கள் பாய்? என் ரூம்மேட் சொந்தம் கொண்டாடிய துருக்கி 13ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டது, இன்றைக்கு அங்கே வாழ்கிறவர்களுக்கு அதில் இடமே இல்லை.

அரசாங்கங்களுக்கு இந்த ருசி நன்றாகத் தெரியும். தொடரைத் துருக்கியில் ஒளிபரப்பிய டிஆர்டியும் அரசு சேனல், பிடிவியும் அரசு சேனல். சவுதிக்காரர்களின் எம்பிசி டிவியோ 2018 மார்ச்சில் துருக்கித் தொடர்களை மொத்தமாக நிறுத்திவிட்டது, அங்கேயும் அதே மார்க்கம்தான். லாகூரில் ஒரு குடியிருப்பில் எர்துக்ருலுக்குக் குதிரைச் சிலையே வைத்தார்கள், போட்டோவைக் காட்டியபோது இவருக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது உஸ்மான் தொடருக்கு மாறியிருக்கிறார். அதில் வரலாறு இன்னும் ஜாஸ்தியாம்.