கரைப் பக்கத்து ஜூனியர் வக்கீல்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாம்பன்காரன்

வீட்டில் முதல் ஆளாகக் கருப்புக் கோட்டு போட்டவர்கள், ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருந்து தொழில் கற்ற காலத்தைப் பற்றி எழுதுங்கள். மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி, எந்த ஊரானாலும் சரி. சீனியர் பெயர் வேண்டாம், நடந்தது போதும்.

நானே ஆரம்பிக்கிறேன். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். வக்கீல் தொழிலை நெறிப்படுத்தும் பார் கவுன்சிலில் என் பேரைப் பதிகிற என்ரோல்மென்ட் செலவுக்குப் படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். முன்பணம் என்றால் என்னவென்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை, அடைக்கிற வரைக்கும் வேறு படகில் ஏற முடியாது. 2024 ஜூலை 30-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது: என்ரோல்மென்ட் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் எந்தப் பெயரிலும் வாங்கக் கூடாது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப, நம்மகிட்ட வாங்கினதத் திருப்பிக் குடுப்பாகளா?" என்றார். மாட்டார்கள். தீர்ப்பு அன்றிலிருந்துதான் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

சீனியரிடம் சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. சில சனிக்கிழமை சாயங்காலம் சட்டைப் பையில் எதையாவது சொருகி, "பஸ்ஸுக்கு வச்சுக்கப்பா" என்பார். நல்ல மனிதர்தான். ஆனால் எந்தச் சனிக்கிழமை சொருகுவார் என்று தெரியாமல் வீட்டுக் கணக்கு போட முடியாது.

எல்லாவற்றையும் விட மே மாதம்தான் கஷ்டம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மே மாதம் சிவில் கோர்ட்டும் லீவு. வீட்டில் சம்பாதிக்கிற இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சும்மா இருப்போம். என் கூடப் படித்த ஒருவன், அவன் அப்பாவும் வக்கீல், அந்த மாதம் மதுரையில் தங்கி வெக்கேஷன் கோர்ட்டில் நின்று கற்றுக்கொண்டான். நான் கரையேற்றிய படகுக்குப் பெயிண்ட் அடித்தேன். வக்கீல் முழு நேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. பெயிண்ட் அடிப்பது அதில் சேருமா என்று இதுவரை யாரும் வாதாடவில்லை.

2017-ல் ராமநாதபுரத்துக்கே அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. விடுதிச் செலவுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் இப்போது சட்டம் படிக்கிறார்கள். படித்து முடித்ததும் வருகிற முதல் மூன்று நான்கு வருடத்தை யார் சோறு போட்டுத் தாங்குவது? அதைத்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

கீழக்கரை வக்கீலம்மா

தம்பி, பணக்கஷ்டம் எனக்கு இவ்வளவு இல்லை. அத்தா (அப்பா) செலவுக்கு அனுப்பி வைத்தார். என் பிரச்சினை வேறு.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தொழில் கோர்ட்டில் நடக்கிற மாதிரி தெரியும். அது ராத்திரி ஆபீஸில்தான் நடக்கிறது. என் சீனியர் ஆபீஸ் ஏழு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். கட்சிக்காரர்கள் வேலை முடித்து வருவார்கள், பத்திரத்தை மேஜையில் விரிப்பார்கள், ஃபீஸ் பேசுவார்கள், "இந்தத் தம்பி உங்க கேஸ பாத்துக்குவார்" என்று சீனியர் ஒரு பையனைக் கைகாட்டுவார். நான் ஆறரைக்கே கீழக்கரை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவேன். மறுநாள் அதே கேஸுக்கு நான்தான் மனு எழுதிக் கொண்டுபோவேன். கட்சிக்காரருக்கு என்னைத் தெரியாது. "ஏம்மா, சார் எப்ப வருவாக?" என்று கேட்பார். வாதாடி வாய்தா வாங்கி வெளியே வந்த பிறகும் அதே கேள்வி!

அப்புறம் ஜூனியர்களுக்கு வழக்குக் கட்டுகளைப் பிரித்துக் கொடுக்கிற முறை. ஜீவனாம்சம், விவாகரத்து, குழந்தை யாரிடம் என்கிற வழக்கு என்றால், "நீங்க பாருங்கம்மா, பொம்பளைங்க சமாச்சாரம்." நிலத்தாவா, விபத்து நஷ்டஈடு என்றால் பையன்களுக்கு. விபத்து வழக்கில் தீர்ப்புத் தொகையிலிருந்து ஃபீஸ் வரும். ஜீவனாம்சம் கேட்டு வருகிற பெண்ணிடம் நான் என்ன கேட்பது? பஸ் காசு கொடுத்து அனுப்பியதுண்டு. வேலை ஒரே அளவுதான், ஆனால் ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் அவன் கார் வாங்கியிருப்பான், எனக்கு "பொறுமையான அம்மா" என்ற பெயர் கிடைத்திருக்கும்.

கடைசியில் வீட்டு முன்னறையில் மேஜை போட்டேன். கீழக்கரையில் ஆண்கள் பாதிப் பேர் வளைகுடா நாடுகளில். பாகப்பிரிவினை, துபாயிலிருந்து தூதரகக் கையெழுத்தோடு வருகிற பவர் பத்திரம், வாடகைக்காரர் தகராறு, எல்லாவற்றுக்கும் அலைவது வீட்டுப் பெண்கள்தான். அவர்களுக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஒரு ஆண் வக்கீல் ஆபீஸில் உட்காரச் சங்கடம். என்னிடம் காலை ஏழு மணிக்கு வந்தார்கள். நிலத்தாவா அப்படித்தான் என் கைக்கு வந்தது.

பழைய சீனியர்

எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 குறையாமல் கொடுக்க வேண்டும் என்று பார் கவுன்சிலைச் சுற்றறிக்கை அனுப்பச் சொன்னது. நியாயமான தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜாமீன் மனு போட்டு, ஃபீஸில் பாதியை "தடைக்காலம் முடியட்டும் சார்" என்று கடன் சொல்லிவிட்டுப் போகிற ஊரில், இரண்டு ஜூனியருக்கு 30,000 எங்கிருந்து எடுப்பேன்? எனக்கு ஃபீஸாக நண்டு வந்திருக்கிறது. ஜூனியருக்கு நண்டைச் சம்பளமாகக் கொடுக்க முடியுமா?

2020-ல் மாநில அரசு ஏழை இளம் வக்கீல்களுக்கு இரண்டு வருடம் மாதம் 3,000 அறிவித்தது. அந்த மாதிரி அரசு ஒரு பங்கு போட வேண்டும். எல்லாப் பாரத்தையும் ஊர் வக்கீல் தலையில் வைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? ஜூனியரே எடுக்க மாட்டார்கள். எடுத்தால் சொந்தக்காரப் பையனை எடுப்பார்கள்.

பாம்பன்காரன்

இப்போதும் அதுதானே சார் நடக்கிறது? பணம் முடியாது என்றால் சரி. பேரையாவது கொடுங்கள். கட்சிக்காரர் தன் வக்கீல் யாரென்று கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டில் கொடுக்கிற வக்காலத்தில் ஜூனியர் பேர் போட ஒரு பைசா செலவில்லை.

ஓய்வுபெற்ற குமாஸ்தா

தம்பி சொன்ன இடத்தில்தான் முடிச்சு இருக்கிறது. நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். கட்டு சுமந்த கைக்குத்தான் யார் உழைப்பு எந்தக் கட்டில் இருக்கிறது என்று தெரியும்.

தேவிபட்டினம் பக்கத்துப் பையன் ஒருவன் எங்கள் ஆபீஸில் இருந்தான். ஒரு கடலட்டை வழக்கு. கடலட்டை 2001-லிருந்து வன உயிரினச் சட்டத்தில் புலிக்குச் சமமான பட்டியலில் இருக்கிறது, ஜாமீன் சுலபமில்லை. பிடிபட்டவர்கள் சாக்கு தூக்கிய இரண்டு பையன்கள். அனுப்பியவர் யாரென்று யாரும் கேட்கவில்லை, அது வேறு கதை. அந்த ஜூனியர் மகஜரை, அதாவது பறிமுதல் செய்தபோது எழுதிய பத்திரத்தை, வரி வரியாகப் படித்து, பறிமுதல் செய்த நேரமும் சாட்சி கையெழுத்துப் போட்ட நேரமும் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்து, குறுக்கு விசாரணைக்கு முழுக் கேள்விகளையும் பென்சிலில் எழுதிக் கொடுத்தான். சீனியர் அந்தத் தாளை வைத்தே கேட்டார். சாட்சி திணறினார். வெளியே வந்ததும் பையன்களின் அம்மா சீனியர் காலில் விழுந்தார். ஜூனியர் பக்கத்தில் கவுனை மடித்துக்கொண்டு நின்றான். வக்காலத்தில் அவன் பேர் இல்லை.

இப்போது இ-ஃபைலிங் வந்துவிட்டது. மனுவை டைப் அடிப்பது, ஸ்கேன் செய்வது, ஏற்றுவது எல்லாம் ஜூனியர்தான். ஆனால் சீனியரின் லாகினில், சீனியரின் பதிவு எண்ணில். நாளைக்கு யாராவது கணினியில் வக்கீல் பேரைப் போட்டுத் தேடினால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வழக்குகூட வராது.

இன்னொன்று, யாரும் எழுதத் தயங்குவீர்கள், நான் எழுதிவிடுகிறேன். புதுப்பையன் வந்தால் முதல் கேள்வி "எந்த ஊருப்பா?" இரண்டாவது "ஊர்ல எந்தப் பக்கம்?" மூன்றாவது கேள்விக்கு அவசியமே இருக்காது. பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி என்று உள்ளே போகப் போக இது கூடும். கட்சிக்காரர்களும் தங்கள் ஆள் வக்கீலாக இருக்கிற ஆபீஸைத்தான் தேடுவார்கள். நிலம் வைத்திருக்கிற சாதிக்கு நிலத்தாவா, அதில் ஃபீஸ். நிலமில்லாதவன் சாதி வக்கீலுக்கு அடிதடி வழக்கு. அரசு வக்கீல் பதவியோ, ஆட்சி மாறினால் ஆளும் மாறும். வேட்டிக் கரையைப் பார்த்தே யார் வருவார் என்று எங்கள் குமாஸ்தா கூட்டம் சொல்லிவிடும்.

மதுரை பஸ்

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24-ல் திறந்தபோது சென்னைக்கு ஓட வேண்டியதில்லை என்று எல்லாருக்கும் சந்தோஷம். உண்மைதான். ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து காலைப் பட்டியலுக்குப் போய் நிற்க விடிவதற்கு முன்னால் பஸ் ஏற வேண்டும். அதனால் மேல்முறையீடும், அரசு நடவடிக்கையை எதிர்க்கிற ரிட் மனுவும் மதுரையில் குடியிருக்கும் வக்கீலிடம் போகும். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால் இங்குள்ள வக்கீல்தான் ராத்திரியோடு ராத்திரியாகப் படகுப் பதிவுச் சான்று (ஆர்.சி.), கடலுக்குப் போக வாங்கிய டோக்கன், குடும்பத்தாரின் கையெழுத்து எல்லாம் வாங்குவார். மனு மதுரையிலோ சென்னையிலோ தாக்கலாகும். டிவியில் பேசுபவர் வேறு ஒருவர். சேகரித்தவர் பேர் எங்கும் வராது. படகு உரிமையாளர் இலங்கைக் கோர்ட்டுக்கு நேரில் போக என்னென்ன காகிதம் வேண்டும் என்று அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

மேல் கோர்ட்டே தேர்ந்து கொடுக்கிற சீனியர் அட்வகேட் பட்டம் இன்னும் தூரம். சுப்ரீம் கோர்ட்டின் 2017 தீர்ப்புக்குப் பிறகு அதற்கு 100 மதிப்பெண் முறை வந்தது. அதில் 40 தீர்ப்புகளுக்கும் வாதாடிய வழக்குகளுக்கும், 2023-ல் அதை 50 ஆக்கினார்கள். சட்ட இதழ்களில் வருவது மேல் கோர்ட் தீர்ப்புதான். திருவாடானை முன்சீப் கோர்ட்டில் முப்பது வருடம் சாட்சி விசாரித்தவர் எந்தத் தீர்ப்பைக் காட்டுவார்? 2025 மே 13-ல் சுப்ரீம் கோர்ட் அந்த மதிப்பெண் முறையையே எடுத்துவிட்டது. விசாரணை நீதிமன்ற வக்கீல்களையும் கருத வேண்டும் என்றும் சொன்னது. நல்லது. எங்கள் கரையிலிருந்து யாராவது விண்ணப்பிக்கட்டும், அப்போது நம்புகிறேன்.

தொண்டி மாணவி

கடைசி வருடம் படிக்கிறேன். முடித்த கையோடு சிவில் ஜட்ஜ் தேர்வு எழுதலாம் என்றிருந்தேன். சீனியர் தயவு வேண்டாம், டி.என்.பி.எஸ்.சி. மார்க் போதும் என்றுதான் அம்மா சட்டம் படிக்கவே சம்மதித்தார். இப்போது மூன்று வருடம் பிராக்டிஸ் கட்டாயம் என்கிறார்களே?

மதுரை பஸ்

ஆமாம், சுப்ரீம் கோர்ட்டின் 2025 மே 20 தீர்ப்பு. புரொவிஷனல் என்ரோல்மென்ட் (தற்காலிகப் பதிவு) தேதியிலிருந்தே மூன்று வருடம் கணக்கு, அதனால் முடித்ததும் உடனே பதிந்துவிடுங்கள். அனுபவச் சான்றிதழை அந்தக் கோர்ட்டின் முதன்மை நீதிபதி தர வேண்டும், இல்லையென்றால் பத்து வருடம் தொழில் செய்த ஒரு வக்கீல் கையெழுத்துப் போட்டு, அதை மாவட்டத்தின் முதன்மை நீதிபதி ஒப்புக்கொள்ள வேண்டும். நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக இருந்த காலமும் சேரும்.

அனுபவம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எந்த வீட்டுப் பெண்ணுக்குத் தேர்வு ஒன்றுதான் வழியாக இருந்ததோ, அவளை மறுபடி அதே சீனியரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வைத்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற குமாஸ்தா

முதல் நாளிலிருந்து ஒரு நோட்டு போடும்மா. வழக்கு எண், தேதி, என்ன செய்தாய், எந்தக் கோர்ட். சேரும்போதே கேள், "வக்காலத்துல என் பேரும் வருமா சார்?" முகம் மாறுகிற ஆபீஸ் என்றால் வேறு ஆபீஸ் பார்.

பழைய சீனியர்

குமாஸ்தா சொல்வது சரி. பேர் போட ஆட்சேபிக்க எனக்கும் காரணம் கிடைக்கவில்லை. கட்சிக்காரரை ஜூனியர் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம்தான். அது எல்லாருக்கும் உண்டு, வெளியே சொல்ல மாட்டோம்.

தொண்டி மாணவி

கீழக்கரை அக்கா, நீங்கள் ஜூனியர் எடுக்கிறீர்களா?

கீழக்கரை வக்கீலம்மா

எடுப்பேன். ஆனால் 15,000 என்னால் முடியாது, இப்போதைக்கு 5,000-ம் பஸ் செலவும். ஆபீஸ் காலை ஏழிலிருந்து ஒன்பது, ராத்திரி கிடையாது. வக்காலத்தில் இரண்டு பேர் பெயரும் வரும். ஜீவனாம்ச வழக்கு மட்டும் பார்க்கிறேன் என்று வராதே, முதல் மாதமே ஒரு நிலத்தாவாவைப் படிக்கக் கொடுப்பேன். தொண்டியிலிருந்து தினமும் வர முடியாது, தங்க இடம் இருக்கிறதா என்று முதலில் வீட்டில் கேள்.