1947 பேஸ்பால்: இனச்சுவர் உடைந்ததா, கறுப்பர் லீக் கொள்ளை போனதா?

செந்தில்வேல்:
2024 மே மாதம் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் தன் சாதனைப் பட்டியலைத் திருத்தியது. கறுப்பின வீரர்கள் ஆடிய நீக்ரோ லீக்குகளின் (பெயர் அந்தக் காலத்தது, வரலாற்றில் அப்படியே நின்றுவிட்டது) 1920 முதல் 1948 வரையிலான கணக்குகளும் அதில் சேர்ந்தன. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் பல காலமாக முதலிடத்தில் இருந்த டை காப் கீழே போய், .372 (ஆயிரம் தடவை மட்டை பிடித்தால் 372 ஹிட் என்று கணக்கு) வைத்திருக்கும் நீக்ரோ லீக் வீரர் ஜாஷ் கிப்சன் மேலே வந்தார். கிப்சன் இறந்தது 1947 ஜனவரி 20, வயது 35. கறுப்பர்களை ஒதுக்கிவைத்திருந்த மேஜர் லீக்கில் அந்தத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன், ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கியது அதே வருஷம் ஏப்ரல் 15. இடையில் மூன்று மாதம்கூட இல்லை.

ஏப்ரல் 15 வந்தால் இப்போது எல்லா அணி வீரர்களும் ராபின்சனின் 42-ஆம் எண் சட்டை போடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அன்று இரண்டு பேஸ்பால் உலகங்கள் இணைந்தன என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. ஒரு பக்கம் நின்றவர்கள் மறுபக்கத்தின் நல்ல ஆட்களை மட்டும் அள்ளிக்கொண்டு மற்றதையெல்லாம் சாகவிட்டார்கள். டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, ராபின்சனை எடுத்தபோது அவர் ஆடிவந்த கேன்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணிக்கு ஒரு சென்ட் தரவில்லை. நெவார்க் ஈகிள்ஸ் அணியிலிருந்து டான் நியூகோம்பை எடுத்தார், அதற்கும் ஒன்றும் தரவில்லை. ஈகிள்ஸை நடத்தியவர் எஃபா மேன்லி என்ற பெண்மணி. 1946-ல் அந்த அணிதான் சாம்பியன். 1948 முடியும்போது அவர் கையில் அணியே இல்லை, நீக்ரோ நேஷனல் லீக்கும் அந்த சீசனோடு மூடப்பட்டது. இதற்குக் கொள்ளை என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

வாசுகி (ஜெர்சி):
செந்தில் அண்ணா, நியூகோம்ப் விஷயத்தில் நீங்க சொல்றது சரி. ஆனா "கொள்ளை"ங்கிற வார்த்தை என்னை ரொம்பத் தொந்தரவு பண்ணுது.

நான் ஜெர்சி சிட்டியில ஒன்பது வருஷம் இருந்தேன். இட்லி மாவு, கறிவேப்பிலை வாங்க நெவார்க் அவென்யூ போகணும்னா ஜர்னல் ஸ்கொயர்ல ரயிலைவிட்டு இறங்கணும். அங்கே ராபின்சனுக்கு வெண்கலச் சிலை உண்டு. நம்ம ஆட்கள் எத்தனையோ பேர் அதைத் தினமும் தாண்டிப் போயிருப்போம். அந்த ஊரில் ஏன் சிலைன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தேடிப் படிச்சேன். ப்ரூக்ளினுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1946 ஏப்ரல் 18, ஜெர்சி சிட்டி ரூஸ்வெல்ட் ஸ்டேடியத்துலதான் அவர் டாட்ஜர்ஸின் துணை அணியான மான்ட்ரியல் ராயல்ஸுக்காக முதல் ஆட்டம் ஆடினார். ஐந்து தடவை மட்டையோட நின்னு நாலு ஹிட், அதில் ஒன்னு மூணு ரன் ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி). ரெண்டு பேஸ் திருடினார், அதாவது யாரும் பந்தை அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். 14-1னு ஜெயிச்சாங்க. ஸ்டேடியம் இப்ப இல்லை, இடிச்சு வீடு கட்டிட்டாங்க.

அந்த ஹோம் ரனுக்கு ஒரு போட்டோ இருக்கு. ராபின்சன் சுத்தி ஓடி ஹோம் பிளேட்டைத் தொடும் நேரம், அடுத்து அடிக்க நிக்கிற ஜார்ஜ் ஷுபாங்கிற வெள்ளைக்காரப் பையன் சிரிச்சுக்கிட்டே கையை நீட்டிப் பிடிச்சுக் குலுக்குறான். அவ்வளவுதான் படம்.

இன்னொரு படம் 1947 மே மாசம். ஏப்ரல்ல ஃபிலடெல்ஃபியா அணி வந்து ஆடினப்போ அதன் மேனேஜர் பென் சாப்மன் களத்துக்கு ஓரத்திலிருந்து ராபின்சனைப் பார்த்து இனவெறி வசையாப் பொழிஞ்சார், ஆட்கள் சிலரும் சேர்ந்துக்கிட்டாங்க. விஷயம் நாறிப்போனதும், ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு போட்டோ எடுக்கணும்னு ஏற்பாடு. படத்தைப் பாருங்க. ரெண்டு பேரும் ஒரே மட்டையைப் பிடிச்சிருப்பாங்க. கை கைமேல பட்டிருக்காது. கைகுலுக்க வேண்டாம்னுதான் நடுவுல மட்டை. அந்த ஆளோட படத்துக்கு நின்னது தன்னைத் தானே கட்டாயப்படுத்திச் செஞ்ச ரொம்பக் கஷ்டமான காரியங்கள்ல ஒன்னுன்னு பிறகு ராபின்சனே எழுதினார்.

அந்த மனுஷன் வாங்கினதை வாங்காத நாம, அவர் உள்ளே போனதைக் கொள்ளைக் கணக்கில் எழுதலாமா?

அருள்:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். கறுப்பர்கள் ஆடக்கூடாதுன்னு சட்டம் இருந்ததா? யார் போட்டது?

மணிமாறன்:
தம்பி அருள், மேஜர் லீக்கில் அப்படி எழுத்தில் ஒன்றுமே கிடையாது. அதுதான் அதன் பலம். 1884-ல் டொலீடோ அணிக்காக மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினக் கீப்பர் ("கேட்சர்" என்பார்கள்) மேஜர் லீக்கில் ஆடியிருக்கிறார். அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரம் கேப் ஆன்சன் கறுப்பர் இருக்கும் அணியோடு ஆட மாட்டேன் என்று முரண்டு பிடித்தவர். 1887-ல் மேஜர் லீக்குக்கு அடுத்த நிலையில் இருந்த இன்டர்நேஷனல் லீக்கின் முதலாளிகள் கூடி, இனிக் கறுப்பின வீரர்களோடு புது ஒப்பந்தம் கூடாது என்று முடிவெடுத்தார்கள். பிறகு ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தே அறுபது வருஷம் ஓட்டிவிட்டார்கள். 1920 முதல் 1944-ல் சாகும்வரை பேஸ்பால் ஆணையராக இருந்த கெனசா மவுன்டன் லாண்டிஸ் "அப்படித் தடையே இல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதாத விதியை எந்தக் கோர்ட்டில் போய் எதிர்ப்பது?

செந்திலுக்கும் வாசுகிக்கும் ஒன்று. நீங்கள் இருவருமே ரிக்கியை நடுவில் வைத்துப் பேசுகிறீர்கள். ஒருவருக்கு வள்ளல், ஒருவருக்குத் திருடன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கதவை இடித்தவர்கள் பத்திரிகைக்காரர்கள். பிட்ஸ்பர்க் கூரியர் இதழின் வெண்டல் ஸ்மித், சாம் லேசி, கம்யூனிஸ்ட் நாளிதழ் டெய்லி வொர்க்கரின் லெஸ்டர் ராட்னி ஆகியோர் பத்து வருஷம் விடாமல் எழுதினார்கள். உலகப்போரில் சண்டை போட்ட கறுப்பினச் சிப்பாய் ஊருக்குத் திரும்பினால் ஆட முடியாதா என்ற கேள்வி ஒரு பக்கம். வேலைக்கு எடுப்பதில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை 1945-ல் நியூயார்க் மாநிலம் கொண்டுவந்தது இன்னொரு பக்கம். இவ்வளவும் சேர்ந்து தள்ளிய பிறகுதான் 1945 ஆகஸ்ட் 28 அன்று ரிக்கி தன் அறைக்கு ராபின்சனைக் கூப்பிட்டார்.

அதே 1945 ஏப்ரலில் பாஸ்டனில் நடந்ததைச் சொல்கிறேன். நகர மன்ற உறுப்பினர் ஒருவர் கொடுத்த நெருக்கடியால் ரெட் சாக்ஸ் அணி மூன்று கறுப்பின வீரர்களைச் சோதனை ஆட்டத்துக்கு வரச் சொன்னது. வெண்டல் ஸ்மித்தான் அழைத்துப் போனார். அந்த மூவரில் ராபின்சன் ஒருவர். ஆடவிட்டுப் பார்த்தார்கள், அனுப்பிவிட்டார்கள், பிறகு ஒரு தகவலும் இல்லை. மேஜர் லீக் அணிகளில் கடைசியாகக் கறுப்பின வீரரை இறக்கியதும் அதே ரெட் சாக்ஸ்தான், 1959 ஜூலையில் பம்ப்சி க்ரீன். ராபின்சன் ஆடி முடித்து ஓய்வே பெற்றாயிற்று அதற்குள். இதையெல்லாம் எழுதிய ஸ்மித்துக்குப் பத்திரிகையாளர் மாடத்தில் இடம் தராததால், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து மடியில் தட்டச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு அடித்திருக்கிறார்.

செந்தில்வேல்:
மணிமாறன் ஐயா, ஸ்மித் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அது என் வாதத்துக்குத்தான் வலு.

வாசுகி, ராபின்சனைக் குறைத்து நான் ஒரு சொல் சொல்லவில்லை. 1944-ல் ராணுவப் பஸ்ஸில் பின்னால் போய் உட்கார மறுத்து ராணுவ நீதிமன்றம் வரை போய் விடுதலையானவர் அவர். வசைக்குத் திருப்பிப் பேசாதே என்று ரிக்கி கேட்டதற்காக அப்படிப்பட்ட ஆள் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும். என் கோபம் மற்றவர்களுக்காக. நீ காட்டிய படங்களில் எஃபா மேன்லி எங்கே? கறுப்பின மேனேஜர்கள், நடுவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், அணி பஸ் ஓட்டியவர்கள் எங்கே? ரசிகர்கள் எல்லாம் ராபின்சனைப் பார்க்க ப்ரூக்ளின் போனார்கள், ஈகிள்ஸ் மைதானம் காலியானது. ஆடுகிறவனை மட்டும் உள்ளே விட்டார்கள். ஆட்டத்தை நடத்தத் தெரிந்தவர்களுக்கு வாசல் மூடியே இருந்தது. முதல் கறுப்பின மேனேஜர் ஃப்ராங்க் ராபின்சன் பொறுப்பேற்றது 1975-ல். இருபத்தெட்டு வருஷம்!

ஜாக்கிக்கே ஆட்டம் முடிந்ததும் எந்த அணியும் பொறுப்புக் கொடுக்கவில்லை. ஒரு காபிக் கம்பெனியில் துணைத் தலைவராகப் போனார். 1972 அக்டோபர் 15, சின்சினாட்டியில் உலகத்தொடர் (மேஜர் லீக் சாம்பியனை முடிவுசெய்யும் தொடர்) நடுவே அவருக்கு மரியாதை செய்தார்கள். சர்க்கரை நோயால் பார்வை மங்கிய நிலையில் ஒலிபெருக்கி முன் நின்று, மூன்றாம் பேஸ் பயிற்சியாளர் நிற்கும் இடத்தில் ஒரு கறுப்பு முகத்தை மேனேஜராகப் பார்த்தால் இன்னும் பெருமைப்படுவேன் என்றார். ஒன்பதாவது நாள் இறந்துபோனார். வயது 53. பார்க்கவில்லை.

வாசுகி (ஜெர்சி):
அந்தப் பேச்சை நானும் பார்த்திருக்கேன். அதில் எனக்கும் உங்களுக்கும் வித்தியாசமே இல்லை.

ஆனா ரெண்டு விஷயத்தை நீங்க விட்டுட்டீங்க. மொனார்க்ஸ் அணி கறுப்பர்களோட சொத்துன்னு படிக்கிறவங்க நினைச்சுக்குவாங்க. அதன் முதலாளிகள் வில்கின்சன், பேர்ட் ரெண்டு பேருமே வெள்ளைக்காரங்க. முதல்ல எதிர்ப்புச் சொல்லிட்டு, பிறகு குறுக்கே நிக்க மாட்டோம்னு விட்டுட்டாங்க.

ரெண்டாவது, ராபின்சனே நீக்ரோ லீக் பற்றி 1948-ல ஒரு பத்திரிகையில் எழுதினார். சம்பளம் குறைவு, ராத்திரி முழுக்க பஸ், தங்குற இடம் மோசம், நடுவர்கள் சரியில்லைன்னு வெளிப்படையா எழுதினார். எஃபா மேன்லிக்கு வந்த கோபத்தைக் கேட்கணுமா? இன்னைக்கு நீ இருக்கிற இடமே இந்த லீக் கொடுத்ததுதான்னு அச்சிலேயே பதில் போட்டாங்க. நாம இங்கே போடுற சண்டையை அவங்க ரெண்டு பேரும் அப்பவே போட்டாச்சு. பஸ்ல ராத்திரி தூங்கினவன் சொல்றதை நான் எடுத்துக்கிறேன்.

செந்தில்வேல்:
பஸ்ஸில் ஏன் தூங்கினார்கள் வாசுகி? ஊரில் எந்த ஓட்டலும் அறை தராததால். அது லீக்கின் குற்றமா? மேன்லி எங்கே போய் ஓட்டலுக்கு அனுமதி வாங்குவார்?

மொனார்க்ஸ் முதலாளி பற்றிச் சொன்னது சரி. நான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மணிமாறன்:
மேன்லி பக்கத்தையும் முழுசாகச் சொல்ல வேண்டும் செந்தில். அவர் கணவர் ஏப் மேன்லியின் பணம் சட்டவிரோத நம்பர் சூதாட்டத்திலிருந்து வந்தது. பிட்ஸ்பர்க் அணி முதலாளி கஸ் க்ரீன்லீயும் அதே தொழில். ரிக்கி இதைக் காட்டித்தான் "இது லீக்கே அல்ல" என்று சொல்லி நஷ்டஈட்டைத் தட்டிக்கழித்தார். வங்கிகள் கறுப்பருக்குக் கடன் தராத நாட்டில் வேறு யாரிடம் முதல் இருக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

வாசுகி (ஜெர்சி):
மணிமாறன் ஐயா சொன்னதிலிருந்தே என் கடைசி வாதத்துக்கு வர்றேன். லேரி டோபி. 1947 ஜூலை 5, ராபின்சனுக்குப் பதினோரு வாரம் பின்னாடி, கிளீவ்லாந்து அணிக்கு வந்தவர். நீக்ரோ லீக்கிலிருந்து நேரா மேஜர் லீக். நடுவுல துணை அணியில பழகிக்க ஒரு நாள்கூடக் கொடுக்கலை. எந்த அணியிலிருந்து வந்தார்? எஃபா மேன்லியோட ஈகிள்ஸ்லேர்ந்து. கிளீவ்லாந்து முதலாளி பில் வீக் அவங்களுக்குப் பணம் கொடுத்தார், மொத்தம் 15,000 டாலர். அதனால தப்பு இணைப்புல இல்லை அண்ணா, ரிக்கி செஞ்ச விதத்துல. மரியாதையா பணம் கொடுத்துக் கூட்டிட்டுப் போக வழி இருந்தது, ஒருத்தர் செஞ்சும் காட்டினார்.

டோபிக்கும் ஒரு படம் உண்டு, அதையும் சொல்லிடுறேன். 1948 உலகத்தொடர் நாலாவது ஆட்டம். டோபி ஹோம் ரன் அடிச்சார், ஸ்டீவ் க்ரோமெக் பந்து வீசி ஜெயிச்சார். ஆட்டம் முடிஞ்சு உடைமாத்துற அறையில் ரெண்டு பேரும் கன்னத்தோட கன்னம் ஒட்டிக் கட்டிக்கிட்டு வாய்விட்டுச் சிரிக்கிறாங்க. அது மறுநாள் நாடு முழுக்கப் பேப்பர்ல. க்ரோமெக்கை அவர் ஊர்க்காரங்க சிலர் அதுக்காகத் திட்டினாங்களாம். அதுக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாடி அவர் சேர்ந்தப்போ அதே அணியில் சிலர் டோபிக்குக் கையே கொடுக்கலை.

அருள்:
இப்ப எல்லாம் சரியாயிடுச்சா? கறுப்பின வீரர்கள் நிறைய இருக்காங்களா?

செந்தில்வேல்:
இல்லை தம்பி. 1980-களின் தொடக்கத்தில் மேஜர் லீக்கில் அமெரிக்கக் கறுப்பின வீரர்கள் 18 சதவீதத்துக்கு மேல். 2024 தொடக்கத்தில் ஏறக்குறைய 6. 2022 உலகத்தொடரில் ஆடிய இரண்டு அணிகளின் பட்டியலிலும் ஒருவர்கூட இல்லை, 1950-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. தன் ஊரில் தன் லீக், தன் நாயகர்கள் என்றிருந்த வேர் அறுந்ததும் இதற்கு ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

வாசுகி (ஜெர்சி):
இதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். வேர் 1948-ல அறுந்திருந்தா 1981-ல எப்படி 18 சதவீதம் வரும்? இப்ப காரணம் காசு. பத்து வயசுப் பையன் ஊர் ஊராப் போய் ஆடுற தனியார் அணியில் சேரணும்னா பெற்றவங்க வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கட்டணும். கல்லூரிப் பேஸ்பால் அணிக்கு 2025 வரைக்கும் பல வருஷமா மொத்தமே 11.7 உதவித்தொகைதான் இருந்தது, அதைப் பல பேருக்குப் பிச்சுப் பிச்சுத் தந்தாங்க. அமெரிக்கன் ஃபுட்பாலுக்குப் போனா முழுசாக் கிடைச்சுது. ஏழை வீட்டுப் பையன் எங்கே போவான்?

செந்தில்வேல்:
1981 கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வாதத்தை எடுத்துக்கொள்கிறேன்.

டோபி விஷயத்திலும் நீ சொல்வது நியாயம். ஆனால் ஒன்று. மேன்லி அந்தப் பேரத்திலேயே வீக்கிடம் சொன்னார், டோபி வெள்ளைக்காரனாக இருந்தால் ஒரு லட்சம் டாலர் கொடுத்திருப்பீர்கள் என்று. நல்லவர் கொடுத்த விலையே அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்து மான்ட்டி இர்வினுக்கு அவர் சண்டை போட்டு நியூயார்க் ஜயன்ட்ஸிடம் வாங்கியது 5,000. அதில் தன் பங்குக்கு ஒரு மின்க் ரோமத் தோள்போர்வை வாங்கிக்கொண்டார். பிறகு வாழ்நாளெல்லாம் பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், தனக்காக அல்ல, தன் லீக் ஆட்டக்காரர்களுக்காக. 1981-ல் இறந்தார். 2006-ல்தான் அவரைச் சேர்த்தார்கள், அங்கே இடம்பெற்ற முதல் பெண். கல்லறையில் எழுதியிருப்பது "இவர் பேஸ்பாலை நேசித்தார்" என்று மட்டும்.

தலைப்பில் "கொள்ளை" இருக்கட்டும் வாசுகி. ராபின்சன் மேல் அது படாதபடி முதல் பதிவில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன், மொனார்க்ஸ் முதலாளிகள் பற்றியும்.

வாசுகி (ஜெர்சி):
சேருங்க அண்ணா. டோபி பேரையும் சேருங்க, ரெண்டாவதா வந்தவரை யாரும் நினைக்கிறதில்லை.