புதுப்பிப்பு: நீக்கப்பட்ட என் விமர்சனக் காணொளி மீண்டும் வந்துவிட்டது

ஒரு திரைப்படத்தின் ஒளியமைப்பை அலசிய என் காணொளி பதிப்புரிமைப் புகாரால் நீக்கப்பட்டதையும், எதிர் அறிவிப்பு (நீக்கியது தவறு என்று தளத்துக்கு முறைப்படி அனுப்பும் மறுப்பு) அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதையும் இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். அனுப்பினேன், புகார் கொடுத்த நிறுவனம் வழக்குத் தொடராததால் காணொளி மீண்டும் பார்வைக்கு வந்துவிட்டது.

அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற இணையப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எதிர் அறிவிப்பு கிடைத்த பிறகு புகார்தாரர் நீதிமன்றத்தை நாடியதாகத் தெரிவிக்காவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் தளம் காணொளியை மீட்டுத் தர வேண்டும். பலரும் பின்வாங்குவது படிவத்தைப் பார்த்துத்தான்: உண்மைப் பெயரும் முகவரியும் தந்து, பொய்ச்சத்தியத்துக்குரிய தண்டனைக்கு உட்பட்டு உறுதிமொழி அளித்து, அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகார வரம்பையும் ஏற்க வேண்டும், அந்தப் படிவத்தின் பிரதி நேரே புகார்தாரர் கைக்குப் போகும். புனைபெயரில் இயங்குபவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

நியாயமான பயன்பாட்டுக்கு (விமர்சனம் போன்றவற்றுக்காக அனுமதியின்றியே பிறர் படைப்பை எடுத்தாளச் சட்டம் தரும் இடம்) நான் காட்டிய ஆதாரம் எளிமையானது. ஒவ்வொரு துணுக்கும் ஒலி நீக்கப்பட்டு, சட்டகம் உறைந்து, வெளிச்சம் வரும் திசையை அம்புக்குறி காட்ட, அதன் மேல் என் விளக்கம் ஓடுகிறது. இத்தனை நொடி வரை எடுத்தால் தப்பில்லை என்று சிலர் இங்கே சொன்னார்கள்; அப்படியொரு வரம்பு சட்டத்தில் இல்லை.

தவறான புகாருக்கு இழப்பீடு கேட்கலாமே என்றவர்களுக்கு: நீக்கக் கோரும் முன் நியாயமான பயன்பாட்டைக் கருத வேண்டும் என்று லென்ஸ் என்பவர் தன் காணொளியை நீக்கவைத்த இசை நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் அமெரிக்காவின் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் கூறியது உண்மைதான். ஆனால் அது நியாயமான பயன்பாடு அல்ல என்று புகார்தாரர் மனதார நம்பியிருந்தாலே போதும் என்றும் அதே தீர்ப்பு சொல்வதால், நான் வழக்குக்குப் போகவில்லை.